அப்படியே சாரும் மூன்று படிகளும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் 'அப்படியே சார்'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்கே வீடு தெரியாது. நகரத்தின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு ஆணையத்தில் இவர் கள ஆய்வாளர். ஆணையத்தின் பட்டியலில் ஏறிவிட்ட வீட்டில் யாராவது ஒரு ஜன்னலை மாற்ற நினைத்தால் முதலில் இவர் போய்ப் பார்க்க வேண்டும். போவார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பார். டேப்பை இழுத்து அளப்பார். பிறகு, "இது அப்படியே இருக்கட்டும்" என்பார். ஜன்னல் மூடவில்லை, மழைத்தண்ணீர் கட்டில்வரை வருகிறது என்று அழுதாலும் சரி, அந்த ஒரு வார்த்தைதான். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவரிடம் ஒரு பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அனுமதி வாங்க முடியாது.

நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் போன வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "இடிக்கிறவனுக்கு ஒரு நாள் போதும், கட்டினவனைத் திரும்பக் கூப்பிட முடியுமா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நியாயத்தோடு குடித்தனம் நடத்துவது நான் அல்லவா!

முதன்முதலாகப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா காட்டிய நாற்காலியில் உட்காராமல் வாசல் கதவின் ஓரத்தையே தடவிக்கொண்டு நின்றார். "பையன் கூச்ச சுபாவம்" என்று அம்மா பூரித்துப்போனாள். கூச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. கதவின் கீல் பித்தளை. அதே மாதிரி, இடிந்த வீடுகளிலிருந்து இவர் பொறுக்கி வந்த கீல்கள் ஒரு பெட்டி நிறைய எங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. கூடத்தில் நின்றுபோன கடிகாரம் ஒன்று தொங்குகிறது. கழற்றலாமா என்றால், "கழட்டினா சுவர்ல வெளுப்புத் தெரியும்" என்பார். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஊராருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் எப்போதும் நாலே கால் காட்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஆணையம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும். ஒரு தெருவைப் பட்டியலில் சேர்ப்பதென்றால் ஒரு நாள் குறித்து, எல்லாக் கட்டடங்களையும் முன்பக்கமாகப் படம் எடுப்பார்கள். அதற்குக் கணக்கெடுப்பு நாள் என்று பெயர். அன்று படத்தில் என்ன இருக்கிறதோ அது இருக்க வேண்டும். இல்லாதது வரக் கூடாது. முன்பெல்லாம், "அது பழசு இல்ல சார், போன வாரம்தான் வெச்சேன்" என்று ஆளாளுக்குக் கதைவிட்டுப் பழைய கதவுகளைக் கழற்றி விற்றுவிடுவார்களாம். அதை அடைக்க இவர்தான் விதியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: 'ஆணையம் நோக்கத்தைப் பார்க்காது, நிலையை மட்டுமே பார்க்கும்.' அதை ஆணையம் ஏற்றுக்கொண்ட அன்று, சாப்பிட உட்கார்ந்ததும் எனக்கு அதை மூன்று முறை வாசித்துக் காட்டினார். குழம்பு ஆறிப்போனது.

போன வருடம் எங்கள் தெருவுக்கே கணக்கெடுப்பு நாள் வந்தது. இவர்தான் படம் எடுத்தார். எதிர்ச்சாரியில் சலூன் இருக்கிறது. அதற்கு முந்தின வாரம் அடித்த காற்றில் அதன் பெரிய ஜன்னலின் கண்ணாடி உடைந்துவிட்டது. புதுக் கண்ணாடி வரும்வரைக்கும் என்று சலூன்காரர் ஒரு நீலத் தகரத்தை அடித்து வைத்திருந்தார். கேமராவைப் பார்த்ததும் சுத்தியலோடு ஓடி வந்தார்.

"சார், ரெண்டே நிமிஷம். இதைக் கழட்டிடறேன், அப்புறம் எடுங்க."

"படத்துக்காக எதையும் மாத்தக் கூடாதுங்க."

"இது தகரம் சார்!"

"தெரியுது" என்றார் இவர், கேமராவைச் சொடுக்கினார்.

எங்கள் வீட்டு வாசலில் அன்று புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியிருந்தது. மூன்று கல் படிகளுக்கு மேல் நீள அகலமான ஒரு மரப்பலகையைச் சாய்த்துப் போட்டு, ஆட்கள் அதை உருட்டி உள்ளே ஏற்றினார்கள். "என்னங்க, பலகையை எடுத்துடச் சொல்லவா?" என்று கேட்டேன். ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா என்று என்னைத்தான் முறைத்தார். அதையும் எடுத்தார். வந்த ஆட்கள் பலகையை மறந்துவிட்டுப் போனார்கள். நான் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பூந்தொட்டிகளுக்கு அடியில் போட்டேன். அத்தோடு எல்லோரும் அதை மறந்தோம்.

தகரத்தை மறக்க முடியவில்லை. புதுக் கண்ணாடி வந்ததும் சலூன்காரர் தகரத்தைப் பிடுங்கிப் போட்டார். ஒரே வாரத்தில் நோட்டீஸ் வந்தது: பாதுகாக்கப்பட்ட முகப்பில் இருந்த நீலத் தகரத்தை அனுமதியின்றி அகற்றியது தவறு, உடனே பழையபடி பொருத்துக. பாவம், பளபளக்கும் புதுக் கண்ணாடியின் முன்னால் பழைய தகரத்தை மறுபடி அடித்தார். அன்றிலிருந்து பட்டப்பகலில் விளக்குப் போட்டுத்தான் முடிவெட்டினார். அந்த விளக்கும் அழுது வடியும். ஒரு காதோரம் ஏறியும் ஒரு காதோரம் இறங்கியும் நடமாடும் ஆட்களைப் பார்த்தால் அவர் வாடிக்கையாளர்கள் என்று கண்டுகொள்ளலாம்.

இப்போது என் மாமனார். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டியவர். காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான், முறுக்கிவிட்ட மீசை. சட்டையும் பொத்தானும் வேலையோடு போயின. மீசையை மட்டும் விடவில்லை. என்னிடம் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டு வாங்கி, அந்த மீசைக்குத் தினமும் சீப்புப் போடுவார். சாப்பாடு முடிந்ததும் சலூனுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு மூன்று கூட்டாளிகள், ஒரு சீட்டுக்கட்டு. சாயங்காலம் திரும்பும்போது யாரை எப்படித் தோற்கடித்தார் என்று என்னிடம்தான் சொல்வார். பாதி பொய் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. எழுந்து நடப்பது இனி கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலி வந்தது. வீட்டுக்குள் எல்லா இடமும் போனார். வாசலில் மூன்று படி. அதோடு நின்றுபோனார். கொல்லைப் பக்கம் வழியில்லை, மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்.

ஒரு நாள் நானும் இவரும் நாற்காலியோடு தூக்கிப் பார்த்தோம். இரண்டாவது படியில் இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூவரும் அப்படியே நின்றோம், தெருவே வேடிக்கை பார்த்தது.

"இறக்கு. வீட்டுக்குள்ளயே இறக்கு" என்றார் மாமா. "மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போக நான் என்ன சரக்கா?"

அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியைப் பார்த்தபடி இருப்பார். சலூன்காரர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட்டுப் போவார். கூட்டாளிகள் இரண்டொரு முறை வந்தார்கள். நோயாளி வீட்டில் உரக்கச் சிரிக்கக் கூச்சப்பட்டு, வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். "ஊரையே மேலயும் கீழயும் கொண்டுபோனவன் நான். எனக்கு மூணு படி இறங்க வழி இல்ல, பாத்தியாம்மா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"என்னங்க, படிமேல ஒரு சரிவுமேடை கட்டிக் குடுங்க" என்றேன் இவரிடம்.

"படத்துல இல்லாதது வரக் கூடாதும்மா."

"அப்போ ஒரு பலகையாவது போடறேன். போட்டுட்டு உடனே எடுத்துடறேன்."

"ஒரு நிமிஷம் வெச்சாலும் வெச்சதுதான். ஆணையம் நோக்கத்தைப்..."

"அந்த வரியை முடிச்சீங்கன்னா உங்களுக்குச் சாப்பாடு இல்ல."

முடிக்கவில்லை. ஆனால் மனசும் மாறவில்லை. மனசில்லாமல் இல்லை, அதுதான் கொடுமை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த மூன்று படிகளையும் டேப் வைத்து அளந்துகொண்டிருப்பார். ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்திருக்குமோ என்று பார்த்தாரோ என்னவோ. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவருக்குக் காப்பி கொடுக்கும்போதுகூட மீசையைப் பார்த்துத்தான் பேசுவார்.

நானே ஆணையத்துக்கு மனுப் போட்டேன். தன் வீட்டு மனுவைத் தானே பார்க்கக் கூடாது என்று இவர் ஒதுங்கிக்கொள்ள, அது ஆணையத்தின் கட்டடக் கலைஞரிடம் போனது. வயதில் சின்னவர். தொழிலையே இவருடைய அறிக்கைகளைப் படித்துத்தான் பழகியவர். ஆகவே அறிக்கையும் இவர் எழுதினாற்போலவே வந்தது: 'மூன்று கல் படிகள் இத்தெருவின் முகம். அவை அப்படியே இருக்கட்டும்.' ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். இந்தப் பல்லி விழுந்தது மட்டுமில்லாமல் என் மாமனாரையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டது.

விசாரணைக்கு மாமாவும் வருவதாகச் சொன்னார். ஆணையத்தின் மன்றம் ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடமும் பட்டியலில் உள்ளது. லிஃப்ட் வைக்க ஆணையம் ஆணையத்திடமே மனுப் போட்டு, ஆணையமே அதை நிராகரித்துவிட்டது. இதைக் கேட்டு மாமா அன்று முழுக்கச் சிரித்தார். "நான் இல்லாத குறைதான்!" என்றார்.

ஆக நானும் இவரும் போனோம். பின்வரிசையில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். எங்களுடையதை அடுத்து அவர் மனு. தற்காலிகமாக வைத்த பொருள் மரபு ஆகாது, தகரத்தை எடுக்க அனுமதி வேண்டும் என்று ஒரு வக்கீலைப் பிடித்து எழுதி வாங்கியிருந்தார்.

ஆணையத்தின் தலைவி வயதான அம்மா, முன்னாள் நீதிபதி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே பாதிப் பேரை உட்கார வைத்துவிடுவார். கட்டடக் கலைஞர் எழுந்து விளக்கை அணைக்கச் சொல்லி, கணக்கெடுப்பு நாளில் எடுத்த எங்கள் வீட்டுப் படத்தைத் திரையில் போட்டார்.

"இதோ, தெருவின் முகமாக விளங்குகிற இந்த மூன்று படிகள்..." என்று குச்சியை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கே படி?" என்றார் தலைவி.

"பலகைக்குக் கீழ இருக்கு மேடம்."

"எனக்குப் பலகைதானே தெரியுது?"

ஆமாம், பலகைதான் தெரிந்தது. வாசல் நிலையிலிருந்து நடைபாதைவரைக்கும் ராஜா மாதிரி படுத்திருந்தது. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் நான் வாயைத் திறந்தபடி நின்றேன், என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது ஞாபகம் வந்தது. பின்வரிசையிலிருந்து சலூன்காரர் கத்தினார்:

"என் தகரம் மாதிரிதான் மேடம் அதுவும்! படத்துல இருக்குல்ல!"

"உங்க முறை வரும், உக்காருங்க. யார் எடுத்த படம் இது?"

இவர் எழுந்து நின்றார்.

"அந்தப் பலகை எப்பவும் அங்கதான் இருந்ததா?"

ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். முழங்கையால் இடித்தேன். இவர் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டில் பிறந்தவராயிற்றே.

"இல்ல மேடம். அன்னிக்குக் காலையில ஃப்ரிட்ஜ் ஏத்தறதுக்காகப் போட்டது."

எனக்கு அந்த நிமிஷம் இவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

"அப்போ அது தற்காலிகம். தற்காலிகமா வெச்சது மரபாகுமா?"

சலூன்காரர் மனுவின் உயிரே அந்தக் கேள்விதான். அதைத்தான் கேட்கிறேன் மேடம் என்று சொல்ல வந்தவர்போலப் பாதி எழுந்தார். என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "ஆகும் மேடம். ஆணையம் நோக்கத்தைப் பார்க்காது, நிலையை மட்டும்தான் பார்க்கும். அதை எழுதினவன் நான்தான். அந்த வரியை வெச்சுத்தான் சலூன்காரரைப் பாடாப் படுத்தினேன். எங்க வீடுன்னு வந்தா மட்டும் மாத்திச் சொல்ல முடியாது. அந்தப் பலகையை எடுத்தது விதிமீறல். எங்க வீட்டுக்கு நோட்டீஸ் குடுக்கணும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தன் வாயாலேயே தன் அப்பாவுக்கு வழி போட்டுவிட்டோம் என்பது அந்த மண்டைக்கு இன்னும் எட்டவில்லை. தலைவிக்கு எட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் செய்யும் வேலை அது, என் கடையில் தினமும் பார்க்கிறேன்.

"எழுதிக்குங்க" என்றார் குமாஸ்தாவிடம். "சரிவுமேடை மனு நிராகரிக்கப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட பலகையை அனுமதியில்லாமல் அகற்றியது கண்டிக்கத்தக்கது. அதே பலகையை, அதே சரிவில், உடனே பொருத்த வேண்டும். மறுபடி எடுத்தால் நடவடிக்கை. அடுத்தது?"

அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

சலூன்காரர் எழுந்தார். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நான் வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்."

"ஏன்? இவ்வளவு நேரம் அதுக்குத்தானே காத்திருந்தீங்க?"

தற்காலிகமானதை எடுக்கலாம் என்று அவருக்குத் தீர்ப்பானால் எங்கள் பலகையும் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தகரம் பழகிப்போச்சு மேடம்" என்றார். "அப்படியே இருக்கட்டும்."

மன்றமே சிரித்தது. எனக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும், "அண்ணே, இந்த உதவியை..." என்று ஆரம்பித்தேன். "சும்மா இரு தங்கச்சி. அங்க சீட்டாடறதுக்கு ஒரு கை குறையுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் இவர் ஆணையத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கதவில் தானே ஒட்டி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பூந்தொட்டிகளை நகர்த்திப் பலகையை எடுத்துக் கழுவினோம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் என்று இவர் என் உயிரை வாங்கினார். போல்ட் போட்டு இறுக்கினோம். மாமா மீசைக்குச் சீப்புப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

இவர் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். முன்சக்கரம் பலகையில் ஏறியதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, வேலையில் இருந்த காலத்துக் குரலில் தெருவே கேட்கும்படி கூவினார்:

"கீழே போகுது! கீழே!"

சலூன் வாசலில் கூட்டாளிகள் கைதட்டினார்கள். இவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சொல்லிக்கொள்ளட்டும்.

சலூனுக்குள் போய்ச் சேர்ந்தோம். இத்தனை வருடத்தில் இவர் அதற்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். முடியை ஆபீஸ் பக்கத்தில் வெட்டிக்கொள்வார், கட்டடத்தை வெளியே நின்று பார்ப்பார். உள்ளே கும்மிருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. சலூன்காரர் மாமாவின் முகத்தில் சோப்பைப் போட்டுவிட்டு, கத்தியும் கையுமாகக் குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் தாடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இப்படியா தினமும்?" என்று இவர் கேட்டார்.

"தினமும்தான் சார்."

இவர் வெளியே போனார். தகரத்தை மேலும் கீழும் பார்த்தார். எதிர்ச்சாரிக்குப் போகவில்லை, கிட்டத்தில் நின்றே பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று வீட்டுக்கு ஓடி, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியோடு திரும்பி வந்தார்.

"தகரத்தை எடுக்கக் கூடாது" என்றார் மூச்சுவாங்க. "ஆனா பட்டியல்ல இருக்கிற கதவையும் ஜன்னலையும் திறந்து மூட விதி இருக்கு. இது ஜன்னல்மேல இருக்கு. மேல்பக்கம் ரெண்டு கீல் வெச்சா, பகல்ல திறந்துக்கலாம், கடை மூடும்போது படத்துல இருக்கிற மாதிரி இறக்கிடலாம்." பெட்டியைக் கிளறி இரண்டு பித்தளைக் கீல்களை எடுத்தார். இவர் சேர்த்த பொருளில் ஒன்றை வெளியே கொடுத்து நான் பார்த்ததே இல்லை. தானே ஸ்டூலில் ஏறி முடுக்கினார். சலூன்காரர் உள்ளே தன் வேலையை நிறுத்தவில்லை, ஆனால் வாயைப் பிளந்துகொண்டு இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

தகரத்தின் கீழ்விளிம்பை இவர் தள்ள, அது கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பியது. "மேலே! மேலே போகுது!" என்றார் மாமா சோப்பு நுரையோடு. ஒரு வருடமாக உள்ளே வராத வெயில் கண்ணாடி வழியாக வந்து அவர் முகத்தில் விழுந்தது.

சீட்டாட்டம் நின்றது. முறுக்கிவிட்ட அந்த மீசையில் இடது பாதியைக் காணோம்.

மாமா எதிரே இருந்த கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். சலூன்காரர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல்மேல் நின்றபடி இவர் கழுத்தைச் சாய்த்து, ஒரு கட்டடத்தைப் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"என்னங்க, புண்ணியமாப் போகும்" என்றேன். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க."

"இல்லம்மா" என்றார் இவர். "இன்னொரு பக்கத்தையும் எடுத்துடலாம்னு சொல்ல வந்தேன்."

மாமா நாற்காலி குலுங்கச் சிரித்துக்கொண்டே முகத்தை நீட்டினார். எதையாவது மாற்றலாம் என்று என் வீட்டுக்காரர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.